கரையேற்றிய சிறு படகினுள் வேலை செய்வோர்க்குச் சில குறிப்புகள்

ஜமுனாமரத்தூரை அடுத்த கோமுட்டேரியில் படகு செல்வதை ஜவ்வாது மலையார் பலரும் கண்டிருப்பர். ஏரி குட்டைகளில் மீன் வளர்ப்போரும் ஆகாயத்தாமரையை அகற்றுவோரும் பிளைவுட் பலகையால் சிறு படகொன்றைத் தாமே செய்துகொள்ளுதல் இயலும். அதற்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையே தக்கது. ஆயின் நீரிலுள்ள அபாயத்திற்கு அஞ்சுவோர், படகைக் கரையில் வைத்து அதனுள் வேலை செய்கையில் நேரும் அபாயத்தை நினைப்பதில்லை.

நீரில் மிதக்கும் படகின் அடிப்பலகையை நீர் பரவலாகத் தாங்குகிறது. அது சற்றுச் சாய்ந்தால் அப்பக்கத்து நீரே நிமிர்த்துகிறது. தரையில் இவ்விரு உதவியும் இல்லை. முட்டுக் கொடுத்த இடங்களில் மட்டுமே பாரம் இறங்குகிறது. ஆகையால் உள்ளே நிற்பவன் விளிம்பை நோக்கி ஓரடி வைத்தாலும் படகு புரளலாம். சட்டமில்லாத இடத்தில் மிதித்தால் பலகை முறிந்து கால் சிக்கலாம்.

1. மலைச்சரிவில் படகை நிறுத்தலாகாது. களம் போன்ற கெட்டியான சமதரையே உத்தமம்.

2. படகினுள் குறுக்குச் சட்டங்கள் உள்ள இடங்களுக்கு நேர் கீழே கட்டைகள் வைத்து, இருபுறமும் மணல் மூட்டைகளை நெருக்கி அணைக்க வேண்டும். உருண்டைக் கற்கள் ஆகா. ஏறுமுன் விளிம்பைக் கையால் அழுத்தி, அசைவில்லை என்று அறிந்துகொள்க.

3. உள்ளே இரண்டு சட்டங்களின் மேல் படியுமாறு பலகை இட்டு, அதன்மேல் நடுவில் முழந்தாளிட்டு வேலை செய்க. விளிம்பில் உட்காருதல் கூடாது.

4. பெயிண்டு, தின்னர் இவற்றின் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியில் தேங்கி மயக்கம் தரும், தீயும் பற்றும். எனவே மூடிய கொட்டகை வேண்டா. பீடி, விளக்கு, அடுப்பு இவை அருகே இருத்தலாகாது. தலை சுற்றினால் உடனே வெளியேறுக.

5. பைபர் பூசுவோர் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலத்தலாகாது, வெடித்துத் தீப்பற்றும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலந்த பின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்த்தல் வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை கெடும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். கண்ணில் பட்டுவிட்டால் நல்ல நீரால் 15 நிமிஷத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே, 108 ஊர்தியை அழைக்கச் செய்க.

6. உப்புத்தாள் தேய்க்கையில் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. தூளைத் தடுக்கும் முகக்கவசம் அணிக. ரெசின் பட்ட தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக, தின்னர் உதவாது.

7. தனியே வேலை செய்யற்க. வேலை முடிந்ததும் படகைக் கவிழ்த்து வைப்பின், சிறுவர் ஏறிப் புரட்டுதற்கும் மழைநீர் தேங்குதற்கும் இடமிராது.

மலையூர்களிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் வழி நெடியது. ஒரு மணி நேரம் செலவிட்டு முட்டுக்கட்டைகளைச் செம்மை செய்தல், முறிந்த காலோடு அவ்வழியே இறங்குவதினும் எளிது. கிராம அலுவலர்கள் இக்குறிப்புகளைக் கிராம சபைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவாராயின் பெரிதும் பயன்படும்.