பாட்டன் விட்டுவந்த ஊரின் கணக்கு

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் பிறந்த தோட்டத்தைச் சொல்லமாட்டார்கள். சேலம், திருச்சி, வட ஆற்காடு என்று அப்பன் பாட்டன் ஊரைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குத் தென் ஆற்காடு. அங்கே நமக்குக் காணி இருந்தது, பங்காளிச் சண்டையில் போய்விட்டது என்று சொல்லித்தான் என் பாட்டி எங்களை வளர்த்தார். கிராமத்தின் பெயரை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஜில்லாவில் இருவேல்பட்டு என்றொரு கிராமம். ஜில்லா 1993இல் பிரிந்தபின் அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அதுதான் எங்கள் ஊர் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் இத்தனை முறை கணக்கெடுக்கப்பட்ட கிராமம் தமிழ்நாட்டில் அபூர்வம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1916இல் மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் ஊருக்குப் போய் வீடு, நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து அது புத்தகமாயிற்று. அதன் பிறகு 1930களிலும் 1961இலும் 1980களிலும் 2008இலும் ஆய்வாளர்கள் அதே கிராமத்துக்குப் போய் மறுபடி எழுதினார்கள்.

நிலத்தில் பெரும்பங்கு ஒரு ரெட்டியார் குடும்பத்திடம் இருந்தது. வன்னியர்கள் ஊரில், ஆதிதிராவிடர்கள் தள்ளிச் சேரியில். சேரியில் பலர் படியாட்கள். கல்யாணத்துக்குப் பண்ணையாரிடம் கடன் வாங்குவான். தீரும்வரை அவர் வயலில் உழைப்பான். கூலி தானியமாக வரும். கடன் தீராது. அவனுக்குப் பின் மகன் தலையில் விழும். பண்ணையார் நிலத்தை விற்றால் ஆளும் நிலத்தோடு கைமாறுவான்.

இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடையில் கடன் ஏறினால் பாட்டி என் தகப்பனாரைத் திட்டுவார்: "படியாளாப் போகப் போறியா?" அதை நான் வெறும் வசவு என்றே நினைத்திருந்தேன்.

கங்காணி கொடுத்த முற்பணமும் கடன்தான். ஆனாலும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிவிட்டால் பண்ணையார் கை எட்டாது. 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்யும்வரை இந்த வழி திறந்திருந்தது.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் 1976இல் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் விழுப்புரம் மாவட்டத்தில் 2006இல் தொடங்கியது. 2008 ஆய்வின்போது ரெட்டியார் குடும்பத்து நிலம் வெகுவாகக் குறைந்திருந்தது. சேரி ஆட்கள் விவசாயத்தை மட்டும் நம்பாமல் வெளிவேலைக்குப் போனார்கள். பண்ணை வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சேரி மட்டும் ஊரோடு ஒன்றாகிவிடவில்லை. நம் தோட்டங்களில் ஒரே லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்தும் சம்பந்தம் பேசும்போது பழைய கணக்கைத் தோண்டுகிறோமே, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் தகப்பனாரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிள்ளைங்ககிட்டே காணி இருந்துச்சுன்னே சொல்லு" என்றார். என் மூத்த மகள் ஏற்கெனவே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.