சாத்தானின் விரல் பதிந்த கற்கள்

ஸ்பெயினின் செகோவியாவுக்கு வருகிறவர்களை வழிகாட்டிகள் முதலில் அசொகேஹோ சதுக்கத்தில்தான் கூட்டி நிறுத்துகிறார்கள். மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரப் பயணம். பிறகு ஊருக்குள் ஒரு சின்னப் பேருந்து. இறங்கி நிமிர்ந்தால் வானத்தின் குறுக்கே கருங்கல்லில் இரண்டடுக்கு வளைவுகள். தரையிலிருந்து உச்சி வரை 28 மீட்டர். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரம் இருக்கும். ரோமானியர்கள் கட்டிய தொட்டிப்பாலம் இது. மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. 160க்கும் மேற்பட்ட வளைவுகள், 20,000க்கும் மேற்பட்ட கற்கள். இவ்வளவையும் சேர்த்துப் பிடிக்க அந்தக் கற்களுக்கு இடையில் ஒரு கரண்டிச் சாந்துகூடக் கிடையாது.

எல்லோரும் அண்ணாந்து உயரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் தூணுக்கு அருகில் போய்க் கல்லைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லின் முகத்திலும் ஒரு சிறு குழி இருக்கும். மூங்கிலைச் செருகலாம் போல ஒரு பள்ளம். மழையும் பனியும் அரித்த குழி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கல்லுக்குக் கல் ஏறக்குறைய ஒரே இடத்தில், நடுவுக்குச் சற்று மேலே, அவ்வளவு ஒழுங்காக மழை குழி தோண்டாது.

ஊர்க்காரர்களிடம் இதற்கு ஒரு கதை இருக்கிறது. தினமும் குடத்தோடு மேடேறிக் களைத்துப்போன ஒரு வேலைக்காரப் பெண், என் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் ஆன்மாவையே தருகிறேன் என்று சாத்தானிடம் சொல்லிவிட்டாள். சேவல் கூவுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது பேச்சு. புயலடித்த அந்த இரவில் சாத்தான் கல்லைத் தூக்கித் தூக்கி அடுக்கினான். ஒரே ஒரு கல் பாக்கி இருக்கும்போது பொழுது விடிந்தது, பெண் தப்பினாள். கல்லில் இருப்பதெல்லாம் அவன் விரல் பதிந்த தடங்களாம்.

கல்லைத் தூக்கியபோது பதிந்த தடம் என்ற வரையில் கதை மிகச் சரி. தூக்கியது மட்டும் வேறு. கத்தரிக்கோல் போலக் குறுக்கே இணைத்த பெரிய இரும்பு இடுக்கி. அதன் இரண்டு நுனிகளையும் கல்லின் எதிரெதிர் முகங்களில் தோண்டிய குழிகளில் பொருத்தி, மேல்முனையைக் கப்பிக் கயிற்றில் மாட்டி இழுப்பார்கள். கயிறு மேலே இழுக்க இழுக்க இடுக்கியின் வாய் இறுகும். கல் எவ்வளவு கனமோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும். விழப் பார்க்கும் பாரமே விழாமல் பிடித்துக்கொள்ளும் உபாயம். குழி நடுவுக்கு மேலே இருப்பதற்கும் காரணம் உண்டு. எடை மையத்துக்கு மேலே பிடித்தால்தான் கல் அந்தரத்தில் குப்புறக் கவிழாமல் தொங்கும். இந்தக் குழிகளைப் பூசி மறைக்காமல் விட்டார்களே, அதற்காக அந்தக் கட்டடக்காரர்களுக்கு நான் நன்றி சொல்வேன். வேலை நடந்த விதத்தை வேலையின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, தூக்கி வைத்தாயிற்று. சாந்து இல்லாமல் எப்படி நிற்கிறது?

கல்லின் குணத்தில் இருக்கிறது விடை. கல்லை நசுக்குவது மிகக் கடினம், இழுத்துப் பிளப்பது எளிது. இரண்டு தூண்களின் மேல் நீளக் கல்லொன்றை உத்தரமாகப் போட்டால், பாரத்தில் அது இம்மி வளையும். மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் விழும். அகலமான இடைவெளியைக் கல் உத்தரத்தால் தாண்ட முடியாததற்கு இதுவே காரணம். வளைவில் இழுவைக்கே இடமில்லை. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒவ்வொன்றும் கீழே சரியப் பார்க்கும். சரிய முடியாமல் பக்கத்துக் கல்லை நெருக்கும். அது அடுத்ததை நெருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று உள்ளங்கைகளைச் சேர்த்து ஒருவர்மேல் ஒருவர் சாய்வது போல. இருவருமே விழத்தான் பார்க்கிறார்கள், அதனாலேயே இருவரும் நிற்கிறார்கள். உச்சியில் கடைசிக் கல்லை வைக்கும்வரை எல்லாவற்றையும் மரச்சாரம் தாங்கியிருக்கும். வைத்த பிறகு சாரத்தைப் பிரித்துவிடலாம். அன்றிலிருந்து கற்கள் தங்கள் எடையாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதில் சாந்துக்கு வேலையே இல்லை.

ஆனால் வளைவு தன் கால்களைப் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டே இருக்கும். தனி வளைவாக இருந்தால் இரண்டு பக்கமும் முட்டுச்சுவர் வேண்டும். வரிசையாக வைத்தால் இந்த வளைவின் உதையை அடுத்த வளைவின் உதை எதிர்த்து நிற்கும். இரண்டும் தூணில் சந்தித்து, மிஞ்சுவது நேர்கீழே இறங்கும் பாரம் மட்டும். அதனால்தான் இவ்வளவு ஒல்லியான தூண்கள் போதுமானதாக இருக்கின்றன. பாலத்தின் நடுப்பகுதியில், பள்ளம் ஆழமான இடத்தில், தூண்கள் மிக உயரமாகின்றன. அங்கே கீழடுக்கு வளைவுகள் தூணுக்குத் தூண் கைகோத்து, எதுவும் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரைச் சுமந்தவை மேலடுக்கு வளைவுகள்தான். சாந்து இல்லாததில் ஒரு நன்மையும் இருக்கிறது. செகோவியா ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கோடையில் கல் சுடும், குளிர்காலத்தில் உறையும். கற்கள் விரிந்து சுருங்கும்போது அந்த மெல்லிய இடைவெளிகளே அசைவை ஏற்றுக்கொள்கின்றன.

இத்தனையும் எதற்காக என்றால், பாலத்தின் உச்சியில் ஓடும் ஒரு சிறு வாய்க்காலுக்காக. குவாதர்ராமா மலையில் ஃப்ரியோ ஆற்றிலிருந்து, ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தண்ணீர் வந்தது. ஃப்ரியோ என்றால் குளிர்ந்தது என்று பொருள். எந்த இயந்திரமும் இல்லை, இறக்கம் ஒன்றுதான் இழுக்கும் கை. இறக்கம் அதிகமானால் தண்ணீர் வாய்க்காலை அரித்துவிடும், குறைந்தால் தேங்கி வண்டல் படியும். சரிவை அளக்க ரோமானியர்களிடம் இருபதடி நீள மரப்பலகை ஒன்று இருந்தது. மேலே ஒரு பள்ளம் வெட்டி அதில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்கள். இன்று கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தின் மூதாதை. ஊரை நெருங்குமுன் தண்ணீர் ஒரு கல் தொட்டிக்குள் நுழையும். அகலமான இடத்தில் வேகம் தணியும், வேகம் தணிந்தால் மணலைச் சுமக்கும் தெம்பு போய்விடும். மணல் அடியில் படிய, தெளிந்த நீர் பாலத்தில் ஏறும். ஊரின் பழைய பகுதி பாறை முகட்டின் மேல் இருப்பதால், பள்ளத்தில் இறங்கினால் மறுபடி ஏற முடியாது. பள்ளத்தைத் தாண்ட 800 மீட்டர் நீளத்துக்கு வளைவுகளை எழுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் இதில் தண்ணீர் ஓடியது.

இப்போது சதுக்கத்தின் நடுவுக்கு வந்து, இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் இருக்கும் பட்டையான கல்வரிசையைப் பாருங்கள். அங்கே இன்னொரு வகைத் துளைகள் சிதறிக் கிடக்கின்றன. இவை இடுக்கிக் குழிகளைவிடச் சிறியவை. ஒரு காலத்தில் அங்கே வெண்கல எழுத்துகள் பதித்திருந்தார்கள். எழுத்துகளின் முதுகில் இருந்த முளைகளைச் செருகி ஈயம் ஊற்றிய துளைகள் இவை. வெண்கலத்தை எந்தக் காலத்திலோ யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பிரமாண்டத்தைப் பற்றி ரோமானியர் எழுதிய குறிப்பு எதுவும் கிடைத்ததில்லை. யார் கட்டியது, எப்போது கட்டியது என்பதற்கு இருந்த ஒரே எழுத்துச் சான்று அந்த வாசகம்தான். மிஞ்சியவை வெறும் ஓட்டைகள்.

அந்த ஓட்டைகளைப் படிக்க உட்கார்ந்தார் கேஸா ஆல்ஃபோல்டி. ஹங்கேரியில் பிறந்து, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பணியாற்றிய கல்வெட்டறிஞர். ஒவ்வொரு லத்தீன் எழுத்துக்கும் முளைகளை எங்கெங்கே வைக்க முடியும் என்பதற்கு வரம்பு உண்டு. நேர்கோடு போன்ற எழுத்துக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு போதும், அகன்ற எழுத்துக்குப் பக்கவாட்டிலும் வேண்டும். ரோமானிய அரசு வாசகங்கள் பெரும்பாலும் ஒரே பாணியில் அமைந்தவை. துளைகளின் வரிசையையும் அந்தப் பாணியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பொருத்திப் பார்த்து, 1992இல் அவர் ஒரு வாசகத்தை மீட்டு வெளியிட்டார். பேரரசர் டிராஜனின் ஆணைப்படி, கி.பி. 98இல், ஊரின் இரண்டு நிர்வாகிகள் இந்த நீர்வழியைச் செப்பனிட்டார்கள் என்பது அதன் சாரம். அந்த இருவரின் பெயர்களையும் அவர் மீட்டார். எழுத்தே இல்லாத இடத்தில் பெயரைப் படிப்பது, ஆணி அடித்த தடத்தைப் பார்த்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் யார் இருந்தார் என்று சொல்வதற்குச் சமம்.

மண்ணும் தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னது. ஒரு தூணின் அடியில் தோண்டியபோது, கட்டும் காலத்தில் நிரப்பிய மண்ணுக்குள்ளிருந்து டிராஜனின் செஸ்டெர்ஷியஸ் நாணயம் ஒன்று கிடைத்தது. கி.பி. 112க்கும் 116க்கும் இடையில் அச்சிட்டது. அடித்தளம் போட்டு மண்ணை மூடியபின் ஒரு காசு கீழே போய்ச் சேர வழியில்லை. ஆகவே அந்தத் தூண் அந்தக் காசைவிட மூத்ததாக இருக்க முடியாது. 98இல் செப்பனிட்டார்கள் என்றால் 112க்குப் பின் எப்படிக் கட்டியிருப்பார்கள்? இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று முட்டுகின்றன. மேலே பதித்த எழுத்தைவிட மண்ணுக்குள் மூடிக்கிடந்த காசையே நான் நம்புவேன். அது யாரிடமும் எதையும் காட்டிக்கொள்ள அங்கே கிடக்கவில்லை.

பாலத்தின் மறுகோடிப் பக்கம் கொஞ்சம் நடந்தால் சில வளைவுகள் உச்சியில் கூராக இருப்பதைக் காணலாம். 1072இல் நடந்த தாக்குதலில் 36 வளைவுகள் இடிந்தன. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், இசபெல்லா அரசி காலத்தில் அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். அந்தக் காலக் கொத்தர்களின் கைக்குப் பழகியிருந்தது கோதிக் கூர்வளைவு. 1990களில்தான் பாலத்தின் அடியில் வண்டிகள் ஓடுவதை நிறுத்தினார்கள். அதுவரை புகையும் அதிர்வும் நேராகத் தூண்களில் பட்டன.

அங்கிருந்து கடைவீதி வழியாக மேடேறவேண்டும். கூம்பு கூம்பாகச் செதுக்கிய 600க்கும் மேற்பட்ட கற்களை முகப்பில் பதித்த 'முனைகளின் வீடு' வழியில் வரும். எனக்கு அதைவிடப் பக்கத்து வீட்டுச் சுவர்கள்மேல்தான் ஆசை. செகோவியாவின் வீட்டுச் சுவர்களில் கோலம் போல வட்டமும் பூவும் திரும்பத் திரும்ப வரும் வேலைப்பாடு இருக்கும். வரைந்தது இல்லை, சுரண்டியது. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சை இரண்டு நிறத்தில் இரண்டு பூச்சாகப் பூசி, மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அச்சை வைத்துச் செதுக்கி எடுத்தால் அடிப்பூச்சு தெரியும். பிறகு நடப்பதுதான் அழகு. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுடும்போது அது கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. நீற்றிச் சுவரில் பூசியபின், விட்ட வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நாளடைவில் பூச்சு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லே ஆகிவிடும். அந்தக் கோலங்கள் சுவரிலேயே பிறந்த கல்.

பெரிய சதுக்கத்தில் கதீட்ரல். பழைய கதீட்ரல் அல்காசர் கோட்டைக்கு எதிரே இருந்தது. 1520இல் மூண்ட கலகத்தில் அது சிதைந்ததும், 1525இல் இங்கே புதிதாகத் தொடங்கினார்கள். ஸ்பெயினில் கோதிக் பாணியில் எழுந்த கடைசிப் பெரிய கோயில்களில் ஒன்று. அதன் உள்முற்றத்துத் தாழ்வாரம் மட்டும் பழைய கோயிலைச் சேர்ந்தது. கல் கல்லாகப் பிரித்துச் சுமந்துவந்து இங்கே திரும்ப அடுக்கினார்கள். கற்கள் ஒன்றையொன்று தாங்கும் முறை புரிந்திருந்தால் கட்டடத்தைக்கூடக் குடிபெயர்க்கலாம். கோபுரத்தின் உச்சியில் அமெரிக்காவிலிருந்து வந்த மஹாகனி மரத்தாலான கூம்பு இருந்தது. 1614இல் இடி விழுந்து எரிந்துவிட்டது. இடிதாங்கி வர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

ஊரின் மேற்குக் கோடியில் எரெஸ்மா ஆறும் கிளாமோரெஸ் ஆறும் சேரும் இடத்தில், கப்பலின் முன்மூக்குப் போல நீட்டிய பாறைமேல் அல்காசர் நிற்கிறது. கூட்டம் கோட்டைக்குள் போகும். நான் அதன் முன்திடலில் இருக்கும் எளிய கட்டடத்தின் முன் நிற்கச் சொல்வேன். அதற்கு 'வேதியியல் வீடு' என்று பெயர். 1764இல் அல்காசரில் பீரங்கிப் படைக் கல்லூரி தொடங்கினார்கள். வெடிமருந்தும் உலோகமும் தெரிந்த அதிகாரிகள் வேண்டுமென்று பிரெஞ்சுக்காரர் ஜோசப் லூயி ப்ரூஸ்ட்டை அழைத்துவந்து, அவருக்காக ஓர் ஆய்வகம் கட்டினார்கள். 1792இல் அது திறந்தது.

பள்ளிக்கூடத்தில் மாறா விகித விதி என்று படித்திருப்போம். அதைக் கண்டவர் இவர். ஒரு சேர்மம் எங்கிருந்து வந்தாலும் அதில் உள்ள தனிமங்கள் ஒரே எடை விகிதத்தில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் பெரிய வேதியியலாளர்களே இதை ஒப்பவில்லை, செய்யும் விதத்தைப் பொறுத்து விகிதம் மாறும் என்றார்கள். ப்ரூஸ்ட் சலிக்காமல் எடை போட்டார். 1799இல் மத்ரித்துக்குப் போனார், அதே ஆண்டு செம்பைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பூமிக்குள் தானாக விளைந்த செம்புக் கார்பனேட்டும் ஆய்வகத்தில் அவர் செய்ததும் விகிதத்தில் இம்மியும் பிசகவில்லை. அணுக்கள் எண்ணிக்கை பிசகாமல் சேர்கின்றன என்று பின்னால் டால்டன் சொன்னதற்கு இது அடித்தளமானது.

செம்புக் கார்பனேட் என்பதைப் பெரிய பெயராக நினைக்கவேண்டாம். கழுவாமல் விட்ட செம்புக் குடத்தில் படரும் பச்சைக் களிம்பில் இருப்பது அதுதான். ஊரின் மறுகோடியில், ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டுப் போன அந்த வெண்கல எழுத்துகளின் மேலும் மழையும் காற்றும் பட்டுப்பட்டு இந்தக் களிம்பு ஏறியிருக்கும். டிராஜனின் பெயர் பச்சையாக இருந்திருக்கும்.