கரண்டு பிடிக்கும் காலத்தில் தொற்று வந்தால்

வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் தோட்டத்து மக்களுக்கு வேலைக் களைப்பிலும் பசியிலும் கைகொடுக்கும் பொருட்கள். வாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய காரணமும் இவைதான். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இந்நோய்க்குரிய சிகிச்சைகளுள் ஒன்று கதிர்ச் சிகிச்சை. நம் மக்கள் இதைக் ‘கரண்டு பிடிப்பது’ என்பார்கள். இரத்தினபுரிப் பக்கத்தவர்கள் அவிசாவளை வழியாக மகரகமவுக்குப் போகிறார்கள். கேகாலைப் பக்கத்தவர்களுக்குக் கண்டியும் உண்டு. சிகிச்சை நடக்கும்போது காய்ச்சலோ அம்மையோ வந்தால் என்ன செய்வது? லயத்திலும் தற்காலிகக் கொட்டிலிலும் நெருங்கி வாழும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

ஏன் இடையில் நிறுத்தக் கூடாது?

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பொதுவாக வாரத்தில் 5 நாட்கள் வீதம் 6 அல்லது 7 வாரங்கள் கதிர் பாய்ச்சுவார்கள். இடைவெளி விழுந்தால் எஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் மீண்டும் வேகமாகப் பெருகத் தொடங்கும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 வீதம் குறைகிறது. வாய், தொண்டை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சைக் காலம் 2 நாட்களுக்கு மேல் நீளக் கூடாது என்பது பிரித்தானியக் கதிரியல் மருத்துவர் கல்லூரியின் நெறி.

2020 தந்த பாடம்

2020 மார்ச் 20 இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கிளினிக் நோயாளர்களின் மாத்திரைகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார்கள். கதிரை அப்படி அனுப்ப முடியாது. நோயாளர்தான் இயந்திரத்திடம் போக வேண்டும்.

கொரோனா தொற்றியவருக்கும் சிகிச்சையைத் தொடர உலகின் பல வைத்தியசாலைகள் வழி கண்டன. அவரை அன்றைய கடைசி ஆளாக அழைத்தார்கள். வேறு வாசலால் கொண்டுவந்து, மற்றவர்களோடு காத்திருக்க விடாமல் நேரே அறைக்குள் எடுத்தார்கள். ஊழியர்கள் பாதுகாப்பு உடை அணிந்தார்கள். அவர் போனபின் படுக்கையையும் தொட்ட இடங்களையும் கிருமிநீக்கி கொண்டு துடைத்தார்கள். சிகிச்சை தொடங்காதவர்களுள் பொறுக்கக்கூடியவர்களுக்குத் திகதியைத் தள்ளிவைத்தார்கள். கடுமையாக மூச்சுத் திணறியவர்களுக்கு முதலில் அந்த நோயையே கவனித்தார்கள். தவறிய நாட்களை ஈடுசெய்யச் சனிக்கிழமை சிகிச்சை அளிக்கலாம். அல்லது ஒரே நாளில் குறைந்தது 6 மணித்தியால இடைவெளியில் இருமுறை அளிக்கலாம். எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

அம்மை கண்டால்

அம்மை போட்டால் வேப்பிலை கட்டி வீட்டோடு இருப்பது நம் வழக்கம். மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்க இது ஓரளவு உதவும். ஆனால் புற்றுநோயாளரின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் கொப்புளிப்பான் அவருடைய உயிருக்கே ஆபத்தாகலாம். வைரசை அடக்கும் மருந்தை நேரத்தோடு தொடங்கினால் பயன் அதிகம். கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாட்கள் முன்பிருந்து எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை இது தொற்றும். ஆகவே வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டாலும், நோயாளருக்கு ஒன்றுமில்லாதபோதே வைத்தியசாலைக்குச் சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. சிகிச்சையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தொற்றை மறைத்துக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம்.

2. முதல் நாளிலேயே கதிர்ச் சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். காய்ச்சல், இருமல், கொப்புளம் கண்ட அன்றே அழையுங்கள். சிங்களம் வராவிட்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளரை அல்லது படித்த பிள்ளைகளைப் பேசச் சொல்லுங்கள்.

3. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லி நோயாளருக்குக் காற்றோட்டமான தனி இடம் கேளுங்கள். பாதை மூடப்பட்டால் வாகனம் ஒழுங்கு செய்யவும் அவர்களையே நாடலாம்.

4. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்பட்டவரின் உடலில் கதிர் தங்குவதுமில்லை. அவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். பிள்ளைகள் அவர் மடியில் இருக்கலாம். தொற்று உள்ளவர்தான் சில நாட்கள் விலகியிருக்க வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எனினும் பஸ் காசும் இழந்த நாட்சம்பளமும் ஒரு குடும்பத்தைத் தளரச் செய்யும். 35 நாட்கள் என்பது 35 பேர் இழப்பது. கூடப் போகிறவருக்கும் அதே இழப்பு. மரண உதவிச் சங்கம் நடத்தும் லயங்கள், உயிரோடு இருப்பவரின் பயணத்துக்கும் அதே வழியில் சிறிது சேர்த்து வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.