விலையும் பொறுப்பும்

நுழையும்முன்

ஒரு பொருளின் விலையை அறிவது எளிது. அவ்விலைக்குள் அடங்கியிருப்பவை எவை என அறிவது கடினம். பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையோடு வரும் மேசைக்கணினியையும், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி அமைத்துக்கொள்ளும் கணினியையும் ஒப்பிட்டு, தெளிந்து தேர்வதற்கான வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகைக் கணினிகள்

சென்னை அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெரு, ஒரு காலத்தில் வானொலி உதிரி உறுப்புகளுக்குப் பெயர்பெற்றது. இன்று கணினி உறுப்புகளின் அங்காடியாக விளங்குகிறது. கல்லூரியில் சேரும் பிள்ளைக்குக் கணினி வாங்க அங்குச் செல்லும் பெற்றோரிடம் கடைக்காரர் முதலில் கேட்கும் வினா, “பிராண்டடா, அசெம்பிள்டா?” என்பதே. முன்னதை நிறுவனக் கணினி என்றும் பின்னதைத் தொகுப்புக் கணினி என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவ்விரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு, எளிய குடும்பம் ஒன்றுக்குப் பாடநூல் செலவையோ விடுதிக் கட்டணத்தின் ஒரு பகுதியையோ ஈடுசெய்யக்கூடும். தவறான தேர்வோ, ஆண்டுக்கணக்கில் சேமித்த பணத்தைச் சில திங்களில் பழுதுபார்ப்புச் செலவாகக் கரைத்துவிடும். ஆகவே, இவ்வினாவுக்கு விடை காணுமுன், கணினியை நாமே அமைத்துக்கொள்வது எவ்வாறு இயல்வதாயிற்று என்பதை அறிதல் வேண்டும்.

பொதுத்தரத்தின் பிறப்பு

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியது. விரைவில் சந்தைக்குக் கொண்டுவர விரும்பியதால், அந்நிறுவனம் எல்லா உறுப்புகளையும் தானே உருவாக்கவில்லை. நுண்செயலியை இன்டெல் நிறுவனத்திடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமும் பெற்றது. பிறரும் துணைப்பலகைகளை உருவாக்கும் வகையில், கணினியின் மின்சுற்று வரைபடங்களை நூலாகவும் வெளியிட்டது.

கணினியைத் தொடக்கத்தில் இயக்கிவைக்கும் ‘பயாஸ்’ என்னும் அடிப்படை நிரல் மட்டும் பதிப்புரிமையால் காக்கப்பட்டிருந்தது. 1982இல் தொடங்கப்பட்ட காம்பேக் நிறுவனம் அத்தடையைச் சட்டத்திற்கு உட்பட்டே கடந்தது. ஒரு குழுவினர் அந்நிரலை ஆராய்ந்து, அது செய்யும் பணிகளை மட்டும் எழுதித் தந்தனர். மூல நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர், அப்பணிகளைச் செய்யும் புதிய நிரலை எழுதினர். பின்னர் ஃபீனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய நிரலைப் பிறருக்கும் விற்கத் தொடங்கின. 1995இல் இன்டெல் வெளியிட்ட ‘ஏடிஎக்ஸ்’ என்னும் வரையறை, தாய்ப்பலகை, மின்வழங்கி, பெட்டி ஆகியவற்றின் அளவுகளையும் இணைப்புகளையும் பொதுவாக்கியது. ஒரு நிறுவனத்தின் பெட்டியில் மற்றொரு நிறுவனத்தின் பலகையைப் பொருத்த இயல்வது இதனாலேயே ஆகும்.

நிறுவனக் கணினியும் ஒருவகையில் தொகுக்கப்பட்டதே. 1984இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் மைக்கேல் டெல் என்னும் மாணவர் தொடங்கிய கணினித் தொழிலே, பின்னாளில் டெல் நிறுவனமாக வளர்ந்தது. 2007இல் திருப்பெரும்புதூரில் தொழிற்சாலையையும் நிறுவியது. நுண்செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒரே உற்பத்தியாளர்களிடமிருந்துதான் பெருநிறுவனங்களும் சிறுகடைகளும் பெறுகின்றன. அவ்வாறாயின், விலை ஏன் வேறுபடுகிறது?

நிறுவனக் கணினியின் விலையில் அடங்குபவை

முதலாவது, ஒத்திசைவுச் சோதனை. தேர்ந்தெடுத்த உறுப்புகள் ஒன்றோடொன்று பிழையின்றி இயங்குகின்றனவா, வெப்பம் வரம்புக்குள் நிற்கிறதா என்பவற்றைத் தொழிற்சாலையே ஆய்ந்துவிடுகிறது. இரண்டாவது, இயங்குதள உரிமம். பல நிறுவனக் கணினிகள் உரிமம் பெற்ற இயங்குதளத்துடனேயே வருகின்றன. மூன்றாவது, ஒருமுகப் பொறுப்பு. கணினி இயங்காவிடில் ஒரே தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் போதும். எந்த உறுப்பு பழுதாயிற்று என்பதைக் கண்டறிவது அவர்தம் கடமை.

தொகுப்புக் கணினியிலும் உத்தரவாதம் உண்டு. ஆனால், அது உறுப்புதோறும் வெவ்வேறாக இருக்கும். நுண்செயலிக்கு ஒரு நிறுவனம், தாய்ப்பலகைக்கு மற்றொன்று, வட்டுக்கு வேறொன்று எனப் பொறுப்பு சிதறிக்கிடக்கும். திரையில் எதுவும் தோன்றவில்லை எனில், குறை நினைவகத்திலா தாய்ப்பலகையிலா என ஆராயும் சுமை, வாங்கியவரையோ அமைத்துத் தந்த கடைக்காரரையோ சாரும். நிறுவனக் கணினிக்கு நாம் தரும் கூடுதல் விலையில் கணிசமான பங்கு, இச்சுமையைப் பிறர்மேல் ஏற்றுவதற்கான கட்டணமே.

தொகுப்புக் கணினியின் வலிமை

தொகுப்புக் கணினியின் முதன்மைச் சிறப்பு, தேவைக்கேற்பச் செலவிடும் உரிமை. கணக்குப்பதிவு செய்யும் கடைக்கு வரைகலை அட்டை வேண்டுவதில்லை. காணொளித் தொகுப்பாளருக்கு அது இன்றியமையாதது. முன்னவர் அத்தொகையைத் தவிர்க்கலாம். பின்னவர் அழகிய பெட்டிக்குத் தரும் பணத்தைக் குறைத்து அட்டைக்குத் தரலாம். இத்தகைய தேர்வைச் சில மாதிரிகளுக்குள் அடங்கும் நிறுவனக் கணினி எளிதில் தருவதில்லை.

அடுத்த சிறப்பு, படிப்படியாக வளர்க்கும் வாய்ப்பு. 2017இல் ரைசன் நுண்செயலிகளோடு பரவிய ‘ஏஎம்4’ பொருத்துவாயை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதனைக் கொண்ட தாய்ப்பலகைகள் பலவற்றில், பயாஸ் நிரலைப் புதுப்பித்தபின், 2020இல் வந்த நுண்செயலிகளையும் பொருத்த முடிந்தது. கணினி முழுவதையும் மாற்றாமல் ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவது பணத்தையும் மிச்சப்படுத்தும். மின்னணுக் கழிவையும் குறைக்கும். மாறாக, சில நிறுவனக் கணினிகளின் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் அமைந்திருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் அவை பழுதானால், கடைவீதியில் மாற்று கிடைப்பது அரிது.

ஆயினும், தொகுப்புக் கணினி எப்போதும் மலிவு எனக் கருதிவிடலாகாது. பெருநிறுவனங்கள் உறுப்புகளையும் உரிமங்களையும் மொத்தமாக வாங்குவதால், குறைந்த விலைக் கணினிகளில் அவற்றின் விலை தொகுப்புக் கணினியை நெருங்கிவிடும். சிலபோது அதனினும் குறையும். உரிமத்தின் விலையையும் கூட்டிப் பார்த்தாலன்றி ஒப்பீடு நேர்மையாகாது.

மலிவு கேடாகும் இடம்

தொகுப்புக் கணினி வாங்குவோர் பெரும்பாலும் செலவைக் குறைக்கும் உறுப்பு, ‘எஸ்.எம்.பி.எஸ்.’ எனப்படும் மின்வழங்கி. 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தைக் கணினிக்குரிய 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்னோட்டங்களாக மாற்றித் தருவது அதுவே. தரங்குறைந்த மின்வழங்கி, மேலே அச்சிட்டுள்ள திறனை உண்மையில் தாங்காது. அது பழுதாகும்போது தான்மட்டும் கெடுவதில்லை. தாய்ப்பலகையையும் வட்டையும் தன்னோடு சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். சில நூறு ரூபாய்ச் சிக்கனம் பல ஆயிரம் ரூபாய் இழப்பாவது இவ்வாறுதான்.

மின்வழங்கியின் செயல்திறனும் கருதத்தக்கது. கணினிக்கு 200 வாட் தேவை எனக் கொள்வோம். 80 விழுக்காடு செயல்திறன் உடைய மின்வழங்கி, மின்னிணைப்பிலிருந்து 250 வாட் பெறும். எஞ்சிய 50 வாட் வெப்பமாக வீணாகும். செயல்திறன் குறையக் குறைய மின்கட்டணமும் பெட்டிக்குள் வெப்பமும் பெருகும்.

உரிமமற்ற இயங்குதளத்தை நிறுவித் தருவதும் மலிவின் மறைமுகக் கேடுகளுள் ஒன்று. அது சட்டத்திற்குப் புறம்பானது. அதனுடன் தீநிரல்கள் நுழையும் வாய்ப்பும் உண்டு. உரிமத்திற்குப் பணம் இல்லை எனில், உபுண்டு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை நேர்மையாகவே பயன்படுத்தலாம்.

தேர்வுக்கு முன் சில வினாக்கள்

கணினி வாங்குமுன் நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டியவை சில உள. கணினி ஒருநாள் இயங்காவிடில் எவ்வளவு இழப்பு நேரும்? பழுதைக் கண்டறிய வல்லவர் வீட்டிலோ அருகிலோ உள்ளாரா? மூன்று ஆண்டுகள் கழித்துக் கணினியின் திறனைக் கூட்ட வேண்டியிருக்குமா? இருபது கணினிகளைப் பராமரிக்க வேண்டிய பள்ளி ஆய்வகத்திற்கு ஒரே மாதிரியான நிறுவனக் கணினிகளும் ஒருமுகப் பொறுப்பும் ஏற்றவை. வன்பொருளைக் கற்க விரும்பும் மாணவருக்கும், சிறப்புத் தேவை உடைய தொழில்முனைவோருக்கும் தொகுப்புக் கணினி பொருந்தும்.

எவ்வகையைத் தேர்ந்தாலும் பின்பற்ற வேண்டிய நெறிகள் பொதுவானவை. ஒவ்வோர் உறுப்பின் பெயரும் தொடரெண்ணும் குறிக்கப்பட்ட விலைப்பட்டியலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட நேர்ந்தால், அப்பட்டியலே முதன்மைச் சான்றாகும். நினைவகம் எத்தனை துண்டுகளாகப் பொருத்தப்பட்டுள்ளது என்பதையும் நோக்க வேண்டும். இருதட ஏற்பு உள்ள தாய்ப்பலகையில், ஒரே 16 ஜிகாபைட்டு துண்டைவிட 8 ஜிகாபைட்டு துண்டுகள் இரண்டு, தரவைக் கூடுதல் வேகத்தில் கடத்த வல்லவை. அனைத்தினும் மேலாக, உத்தரவாதம் என்பது உறுப்புக்கே உரியது. அதற்குள் நாம் சேமித்த தரவுக்கு அன்று. வட்டு பழுதானால் புதிய வட்டு கிடைக்கும். எழுதிய ஆய்வேடு கிடைக்காது. ஆதலால் முதன்மைக் கோப்புகளின் படியை வேறோர் இடத்தில் வைத்திருத்தல் இன்றியமையாதது.

நிறைவாக

நிறுவனக் கணினியை வாங்குவோர் பொறுப்பைப் பணம் கொடுத்து ஒப்படைக்கின்றனர்; தொகுப்புக் கணினியை அமைப்போர் அப்பொறுப்பைத் தாமே ஏற்று, அதற்கு ஈடாக உரிமையைப் பெறுகின்றனர். இரண்டும் தக்க தேர்வுகளே. பொறுப்பை ஏற்கும் அறிவும் ஆர்வமும் இன்றி மலிவை மட்டும் கருதித் தொகுப்பதும், எதற்குப் பணம் தருகிறோம் என அறியாமல் முத்திரையை மட்டும் நம்பி வாங்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். விலைப்பட்டியலின் ஒவ்வொரு வரியையும் பொருள் உணர்ந்து படிக்கக் கற்பதே அப்பிழையிலிருந்து நம்மைக் காக்கும்.