காட்டுப் பாதைக்கு ஒரு வழிகாட்டி
கட்டுப்படியான விலையில் டெப்லட் தெரிவு செய்வது எப்படி?

பாடசாலை விடுமுறை நெருங்கினாலே போதும், வீட்டில் பயணப் பேச்சு ஆரம்பமாகிவிடும். இந்த முறை நுவரெலியா வேண்டாம், ஜீப் இருக்கிறது, நக்கிள்ஸ் மலைத் தொடருக்குள்ளே இருக்கும் மீமுரே கிராமத்துக்குப் போவோம் என்பார் ஒருவர். பொத்துவிலில் இருந்து பாணமை, உகந்தை வழியாகக் குமண பக்கம் போவோம் என்பார் இன்னொருவர். வாகனத்தை ஓட்டுவது உங்கள் கணவராகவோ நானாவாகவோ இருக்கலாம். ஆனால், "இந்தச் சந்தியில் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி பக்கத்து ஆசனத்தை நோக்கித்தான் வரும். அந்த ஆசனத்தில் பெரும்பாலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் சென்று, ஹுன்னஸ்கிரியவில் மீமுரே பக்கம் திரும்பிய பிறகு கைத்தொலைபேசியின் சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். அதுவரை அழகாக வழிகாட்டிய வரைபடம் வெறும் சாம்பல் நிறச் சதுரமாகிவிடும். மஃரிப் நேரம் நெருங்குகிறது. மலையில் மூடுபனி இறங்குகிறது. பின்னாசனத்தில் பிள்ளை பசியில் அழுகிறது. முன்னால் பாதை இரண்டாகப் பிரிகிறது. இந்த நேரத்துக்காகத்தான் பலர் ஒரு டெப்லட் வாங்கி ஜீப்பில் பொருத்த விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதுதான். ஆனால் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் பெரிய திரையும் பளபளப்பும் பார்த்து வாங்கிய டெப்லட், காட்டுக்குள் போனதும் "நான் எங்கே இருக்கிறேன்?" என்று உங்களையே கேட்டால் எப்படி இருக்கும்? கடைக்குப் போகுமுன் கீழே உள்ள விடயங்களை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

முதற் கேள்வி: உள்ளே ஜீ.பீ.எஸ். இருக்கிறதா?

இடத்தைக் காட்டுவது இணையம் அல்ல, செய்மதிகள். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் அமெரிக்காவின் ஜீ.பீ.எஸ். செய்மதிகள் இடைவிடாமல் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு உங்கள் கருவி தன் இடத்தை அறிந்துகொள்கிறது. 1995 இல் முழுமையாகச் செயற்படத் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணம் இல்லை; சிம் அட்டையும் தேவையில்லை. ரஷ்யாவின் க்ளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை வாசிக்கும் கருவி என்றால், மலை இடுக்குகளிலும் மர நிழலிலும் இடத்தை விரைவாகப் பிடிக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் கருவியின் உள்ளே செய்மதிச் சமிக்ஞையை வாங்கும் பகுதி இருக்க வேண்டும். விலை குறைந்த பல டெப்லட்களில் அது இல்லை. ஐபேடை எடுத்துக்கொள்ளுங்கள். வை-பை மட்டும் உள்ள ஐபேடில் ஜீ.பீ.எஸ். கிடையாது, சிம் இணைப்பு வசதியும் உள்ள ஐபேடில் மட்டுமே உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் மலிவாகக் கிடைக்கிறது என்று கொண்டுவரும் அமேசன் ஃபயர் டெப்லட்களிலும் பெரும்பாலும் ஜீ.பீ.எஸ். இருப்பதில்லை. பிள்ளைகள் பாடம் படிக்க அவை உதவும். பாதை காட்ட உதவா. அண்ட்ரொய்ட் டெப்லட்களில் மாதிரிக்கு மாதிரி வேறுபடும் என்பதால் பெட்டியில் அச்சிட்டிருப்பதை வாசித்தே ஆகவேண்டும்.

இங்கே ஒரு விடயத்தில் கவனமாக இருங்கள். கடையில் வைத்துப் பார்க்கும்போது ஜீ.பீ.எஸ். இல்லாத டெப்லட்டும் நீங்கள் நிற்கும் வீதியைச் சரியாகவே காட்டும். சுற்றியுள்ள வை-பை இணைப்புகளை வைத்து அது இடத்தை ஊகிக்கிறது. கொழும்பில் அந்த ஊகம் சரியாக அமையும். காட்டில் வை-பை ஏது? ஆகவே கடைக்காரரிடம் சொல்லி, செய்மதிகளைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை அதில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு வை-பையை நிறுத்திவிட்டு, கடைக்கு வெளியே திறந்த வானத்தின் கீழ் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். செய்மதிகள் திரையில் தோன்றி, இடமும் விழுந்தால் நல்ல கருவி. ஒன்றுமே தோன்றாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

வரைபடம் வீட்டிலேயே ஏறிவிட வேண்டும்

ஜீ.பீ.எஸ். சொல்வது இரண்டு எண்களை மட்டும்தான். அந்த எண்களைப் பாதையாகவும் ஆறாகவும் ஊராகவும் காட்டுவது வரைபடம். அதை வீட்டு இணைப்பிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் மெப்ஸில் வேண்டிய பகுதியைத் தெரிவு செய்து சேமிக்கலாம். ஆனால் சேமித்த பகுதியை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். பயணத்துக்கு முதல் நாள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறவல் பாதைக்கும் காட்டுப் பாதைக்கும் ஓர்கனிக் மெப்ஸ், ஓஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் கூடுதலாகப் பயன்படும். இவை 2004 இல் ஆரம்பிக்கப்பட்ட ஓபன் ஸ்ட்ரீட் மெப் என்ற பொது வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. உலகெங்கும் தொண்டர்கள் நடந்தும் வாகனத்தில் சென்றும் வரைந்து சேர்த்த வரைபடம் அது. மற்ற வரைபடங்களில் இல்லாத ஒற்றையடிப் பாதைகளும் அதில் பல இடங்களில் உண்டு. நமது நாடு சிறியது; முழு இலங்கையையும் ஒரே தடவையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆகவே பெரிய சேமிப்பிடத்துக்காகப் பணத்தைக் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. 64 ஜீ.பி. சேமிப்பும் 4 ஜீ.பி. நினைவகமும் இந்த வேலைக்குத் தாராளம்.

திரை பெரிதானால் நல்லதா?

பத்து அங்குலத் திரை வீட்டில் பார்க்க நன்றாக இருக்கும். ஜீப்பில் அது சாரதியின் பார்வையை மறைக்கும். குலுக்கத்தில் தாங்கியையும் கழற்றிவிடும். ஏழு அல்லது எட்டு அங்குலம் போதும். அளவை விட முக்கியமானது வெளிச்சம். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் குறிப்பிடுவார்கள். 500 நிட்ஸ் அளவில் இருந்தால் பகல் வெயிலிலும் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதிலும் குறைந்ததென்றால் பளபளப்பில்லாத மெல்லிய திரைத்தாள் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் வானம் தெரிவது குறையும்.

வெப்பம், மின்சாரம், குலுக்கம்

காட்டுப் பயணத்தில் டெப்லட்டைக் கெடுப்பவை இந்த மூன்றும்தான். ஐபேடைப் பயன்படுத்தும் சூழலின் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது என்றும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 45 பாகையைத் தாண்டக்கூடாது என்றும் அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் டேஷ்போர்ட் 45 பாகையைச் சுலபமாகக் கடந்துவிடும். ஆகவே முன் கண்ணாடியில் ஒட்டுவதை விட, குளிர்க்காற்று வரும் துவாரத்துக்கு அருகில் பொருத்துவது நல்லது. இறங்கிப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். காற்றுப் பை விரியும் இடத்துக்கு முன்னால் எதையும் பொருத்தாதீர்கள்.

வெளிச்சத்தை முழுதாக வைத்து ஜீ.பீ.எஸ்.ஸையும் ஓடவிட்டால் பெட்டரி விரைவாக இறங்கும். பழைய சார்ஜர்கள் 5 வோல்ட், 1 அம்பியர், அதாவது 5 வோட் மட்டுமே தரும். அதைச் செருகி வைத்திருந்தாலும் பெட்டரி குறைந்துகொண்டே போவதைக் காண்பீர்கள். 2 அம்பியருக்குக் குறையாத சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். லொறிகளிலும் சில டீசல் ஜீப்களிலும் 24 வோல்ட் மின்சாரம் இருக்கும். சார்ஜரில் 12–24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தூசுக்கும் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்கும் டெப்லட்கள் தனியாக விற்பனைக்கு உண்டு. சாம்சுங் டெப் அக்டிவ் வரிசை அத்தகையது. ஐ.பி.68 என்ற குறியீட்டில் முதல் இலக்கம் தூசையும், இரண்டாவது தண்ணீரையும் குறிக்கும். விலை கூடுதல் என்பதால், வருடத்தில் இரண்டு மூன்று தடவை காடு போகும் குடும்பத்துக்கு அது அவசியமில்லை. சாதாரண டெப்லட்டுக்குத் தடித்த இறப்பர் உறை ஒன்றைப் போட்டு, ஆற்றைக் கடக்கும்போது மூடக்கூடிய பொலித்தீன் பைக்குள் வைத்தால் போதுமானது. மீதமாகும் பணத்தில் நல்ல தாங்கி ஒன்றை வாங்குங்கள். மலிவான தாங்கி முதல் பள்ளத்திலேயே கழன்று விழுந்து, டெப்லட்டையும் உடைத்துவிடும்.

பாவித்ததை வாங்குவதானால்

பாவித்த டெப்லட் வாங்குவதில் தவறில்லை. ஐபேட் என்றால் முன்னைய சொந்தக்காரரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டதா என்று கடையிலேயே பாருங்கள். நீக்காவிட்டால் அது பூட்டிய பெட்டிதான். உங்களுக்குத் தேவையான வரைபடச் செயலியை அந்தப் பழைய மென்பொருள் ஏற்கிறதா என்பதையும் இறக்கிப் பாருங்கள். சிம் போடக்கூடிய கருவியானால், அதன் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் குறுஞ்செய்தியாக 1909 க்கு அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவைச் சரிபார்க்கலாம். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டு இழுப்பறையில் பழைய ஸ்மார்ட் தொலைபேசி ஒன்று கிடக்கிறதா? ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் தொலைபேசிகளிலும் ஜீ.பீ.எஸ். உண்டு. சிம் இல்லாமலே அது வேலை செய்யும். முதற் பயணத்தை அதோடு போய்ப் பாருங்கள். திரை சிறியது என்ற குறை மட்டும்தான் என்றால், டெப்லட் வாங்குவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம்.

புறப்படுமுன்

புதுக் கருவியை முதன்முதலாகக் காட்டில் திறக்காதீர்கள். இணையம் இல்லாத இடத்தில், நீண்ட நாள் திறக்காத ஜீ.பீ.எஸ். தன் இடத்தைப் பிடிக்கப் பல நிமிடங்கள் எடுக்கலாம். முற்றத்தில் வைத்துப் பழகுங்கள். பிறகு இணையத்தை முழுதாக நிறுத்திவிட்டு, தெரிந்த ஊருக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய் வாருங்கள். போகும் வழியைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி வைத்தால், வழி தவறினாலும் வந்த தடத்திலேயே திரும்பலாம்.

நீங்கள் நிற்கும் இடத்தின் எண்களை வாசிக்கப் பழகுவது எல்லாவற்றிலும் முக்கியம். கண்டி நகரம் என்றால் ஏறத்தாழ 7.29, 80.63. இலங்கையில் முதல் எண் 5 இன் கடைசிக்கும் 10 க்கும் இடையிலும், இரண்டாவது 79 க்கும் 82 க்கும் இடையிலும்தான் வரும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கங்கள் சொன்னால் இடம் சுமார் 11 மீற்றருக்குள் அடங்கிவிடும். விபத்தோ சுகவீனமோ ஏற்பட்டு, 1990 அம்பியூலன்ஸையோ 119 பொலிஸையோ அழைக்கும்போது, "ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்பதை விட இந்த எண்கள் உதவியை விரைவில் கொண்டுவந்து சேர்க்கும். அழைப்புப் போகாத இடத்திலும் சில வேளை குறுஞ்செய்தி போய்ச் சேரும். ஆகவே புறப்படுமுன் வீட்டிலிருப்பவரிடம் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு, வழியில் எண்களை அனுப்பிக்கொண்டிருங்கள்.

நேற்றைய மண்சரிவு பாதையைக் கொண்டுபோனதோ, ஆற்றில் நீர் ஏறியதோ டெப்லட்டுக்குத் தெரியாது. தேசிய வனத்துக்குள் குறுக்குப் பாதை ஒன்று திரையில் தெரிகிறது என்பதற்காக அதில் வாகனத்தை இறக்க அனுமதியும் இல்லை. யானை நிற்கும் பாதையை ஊரவர்தான் அறிவார். சந்தியில் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதை எந்தக் கருவிக்காகவும் விட்டுவிடாதீர்கள். 1800 முதல் இயங்கிவரும் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள் ஒன்றும் ஆசனத்துக்குக் கீழே இருக்கட்டும். பெட்டரி தீர்ந்தாலும் கடதாசி அணைந்துபோகாது.

கடைக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: ஜீ.பீ.எஸ். உண்டா? வை-பை இல்லாமல் வெளியில் இடம் விழுந்ததா? வெளிச்சம் எத்தனை நிட்ஸ்? வரைபடச் செயலி ஏறுகிறதா? சார்ஜரும் தாங்கியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இவற்றுக்குச் சரியான பதில் கிடைத்தால் பணத்தை எண்ணிக் கொடுங்கள். பயணத்தில் சாரதியின் கண் பாதையில் இருக்கட்டும்; திரை உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.