பலகையில 50, கார்ல 66: பிரபலங்கள் மாட்டிக்கிட்ட கதையும் என் அப்பா கேட்ட கேள்வியும்

இன்னைக்கு எபிசோட் ஒரு கடிதத்துல ஆரம்பிக்குது.

நான் இங்கிலாந்துல, ரெடிங் நகரத்துல வேலை பார்த்துக்கிட்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில தபால் வந்து விழுந்தது. பிரிச்சுப் பார்த்தா போலீஸ் நோட்டீஸ். சாரம் இதுதான்: எம்4 மோட்டார்வேயில் உங்கள் கார் மணிக்கு 66 மைல் வேகத்தில் போயிருக்கிறது, அப்போது அங்கே வரம்பு 50, ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவும்.

எனக்கு முதல்ல வந்தது கோபம். மோட்டார்வேயில 70 வரைக்கும் போகலாமே, 66ல போனது குற்றமா? அந்தக் கோபம் சரியா தப்பான்னு தெரிஞ்சுக்க, அந்த ரோடு எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்.

70 எப்படி 50 ஆகுது?

எம்4ல 3வது ஜங்ஷனுக்கும் ரெடிங் பக்கம் இருக்கிற 12வது ஜங்ஷனுக்கும் நடுவுல இருக்கிறது ஸ்மார்ட் மோட்டார்வே. அங்க வேக வரம்பு நிலையா இருக்காது. ரோட்டுக்குள்ளேயும் ஓரத்துலயும் சென்சார் இருக்கும். எத்தனை வண்டி போகுது, என்ன வேகத்துல போகுதுன்னு அது எண்ணிக்கிட்டே இருக்கும். நெரிசல் கூடினா, மேல தொங்குற பலகையில 60, 50, 40ன்னு நம்பர் இறங்கும்.

எதுக்கு இறக்கணும்? நெரிசல்ல ஒருத்தர் லேசா பிரேக் போட்டா, பின்னாடி வர்றவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடுவார். அவருக்குப் பின்னாடி இருக்கிறவர் இன்னும் அழுத்தி. இப்படியே அலை மாதிரி பின்னாடி போய், ஒரு கட்டத்துல வண்டிங்க மொத்தமா நின்னுடும். விபத்தே நடந்திருக்காது, ஆனா ரோடு அடைச்சிருக்கும். எல்லாரையும் முன்கூட்டியே 50க்கு இறக்கிட்டா அந்த அலை உருவாகிறது குறையும். எம்25ல 1995லயே இதை ஆரம்பிச்சுட்டாங்க.

இதுல தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு: நம்பரைச் சுத்திச் சிவப்பு வளையம் இருந்தா அது சட்டம். வளையம் இல்லாத நம்பர் வெறும் அறிவுரை. கேமரா பிடிக்கிறது வளையம் போட்ட நம்பரைத்தான். வரம்பு மாறின அந்த நொடியே பிடிக்காம, வேகத்தைக் குறைக்க ஓட்டுநருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கிற மாதிரிதான் வடிவமைச்சிருக்காங்க.

சாஃப்ட்வேர் ஆளா இதைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். பலகை ஒரு சிஸ்டம், கேமரா இன்னொரு சிஸ்டம். "இப்ப வரம்பு என்ன?"ங்கிற கேள்விக்கு ரெண்டும் எந்த நொடியிலயும் ஒரே பதில் சொல்லணும். அது எவ்வளவு கஷ்டம்னு நம்ம வேலையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் பயந்த மாதிரியே நடக்கவும் செஞ்சது. 2025 டிசம்பர்ல, இந்த ரோடுகளை நிர்வகிக்கிற நேஷனல் ஹைவேஸ் ஒரு கோளாறை ஒத்துக்கிட்டது. சில கேமராக்களுக்கும் பலகைகளுக்கும் நடுவுல சுமார் 10 நொடி தாமதம் இருந்திருக்கு. அதனால 2021லேர்ந்து சுமார் 2,650 தடவை கேமரா தப்பாப் பதிவு பண்ணியிருக்கு. பத்து நொடிதான். ஆனா 70க்குத் திரும்பிட்ட ரோட்டை கேமரா மட்டும் இன்னும் 50ன்னு நினைச்சுக்கிட்டிருந்தா, அந்தப் பத்து நொடியில போற எல்லாருமே குற்றவாளிதான்.

என் விஷயத்துல அப்படி இல்லை. பலகை 50ன்னு காட்டினதை நான் பார்த்தேன். பக்கத்து லேன்ல எல்லாரும் வேகமாப் போறாங்களேன்னு நானும் போனேன். தப்பு என்னோடதுதான்.

பணமா, பாயிண்ட்டா?

இங்கிலாந்துல வேகத்துக்கான தண்டனை ரெண்டு வழியில வரும். ஒண்ணு அபராதம், இன்னொண்ணு லைசென்ஸ்ல ஏறுற பெனால்டி பாயிண்ட். குறைஞ்சபட்சம் 100 பவுண்டும் 3 பாயிண்ட்டும். மூணு வருஷத்துக்குள்ள 12 பாயிண்ட் சேர்ந்தா பொதுவா ஆறு மாசம் ஓட்டத் தடை.

கோர்ட்டுக்குப் போனா அபராதத்தை வார வருமானத்தை வச்சுக் கணக்கு போடுவாங்க. ஆனா அதுக்கு ஒரு உச்சம் உண்டு. சாதாரண ரோட்டுல 1,000 பவுண்ட், மோட்டார்வேயில 2,500. எவ்வளவு பெரிய கோடீஸ்வரனா இருந்தாலும் அதுக்கு மேல கிடையாது.

ஃபின்லாந்துல அந்த உச்சம் இல்லை. 2023 ஜூன்ல ஓலாந்து தீவுல ஆண்டர்ஸ் விக்லாஃப்ங்கிற பெரும் பணக்காரர், 50 கிலோமீட்டர் வரம்புல 82ல போனதுக்கு 1,21,000 யூரோ கட்டினார். 70லேர்ந்து 50க்கு இறங்குற இடம், வேகத்தைக் குறைக்க ஆரம்பிச்சிருந்தேன், போதலைன்னு சொன்னார். வரம்பு மாறுற இடத்துல மாட்டுற எல்லாரும் சொல்ற அதே பதில்தான்.

அப்போ இங்கிலாந்துல பிரபலங்களுக்கு இந்த அபராதம் வெறும் சில்லறையா? பணத்துல பார்த்தா ஆமா. ஆனா பாயிண்ட் அப்படி இல்லை. அதுக்கு ஏழை, பணக்காரன்னு தெரியாது.

2025 ஜூலை 16ஆம் தேதி, ஹை விக்கம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல ஒரே நாள்ல ரெண்டு நடிகைகளுக்குத் தீர்ப்பு வந்தது. ரெண்டு பேருமே ஹாரி பாட்டர் படத்துல நடிச்சவங்க. எம்மா வாட்சன், ஆக்ஸ்ஃபோர்டுல 30 வரம்புல 38. ஸோயி வானமேக்கர், நியூபரி பக்கம் இதே எம்4ல, 40 வரம்புல 46. ஆளுக்கு 1,044 பவுண்ட், ஆறு மாசம் தடை.

46ங்கிற நம்பரைக் கவனிங்க. போலீஸ் வழிகாட்டுதல்படி நடவடிக்கை ஆரம்பிக்கிறது வரம்போட 10 சதவீதமும் அதுக்கு மேல 2 மைலும் தாண்டினா. 40க்குக் கணக்கு போட்டா 40, 4, 2, மொத்தம் 46. சரியா கோட்டு மேல. வேற ஒருத்தருக்கு அரை நாள் விழிப்புணர்வு வகுப்போட முடிஞ்சிருக்கக்கூடிய வேகம். ஆனா ரெண்டு பேர் லைசென்ஸ்லயும் ஏற்கெனவே 9 பாயிண்ட் இருந்தது. இன்னும் 3 ஏறினதும் 12.

தப்பிக்க வழியே இல்லையான்னா, சட்டத்துக்குள்ளேயே சில வழி இருக்கு. டேவிட் பெக்காம் 2018ல லண்டன்ல 40 வரம்புல 59ல போனார். நோட்டீஸ் 14 நாளுக்குள்ள போய்ச் சேரணும், ஒரு நாள் தாமதம்னு அவரோட வக்கீல் வாதாடி ஜெயிச்சார். நடிகர் ஸ்டீவ் கூகன் 2019ல, தான் ஓட்டலைன்னா டிவி தொடர் படப்பிடிப்பும் அதை நம்பியிருக்கிறவங்க வேலையும் பாதிக்கும்னு சொல்லி, ஆறு மாசத் தடையை ரெண்டு மாசமாக் குறைச்சுக்கிட்டார். கேட்க எரிச்சலா இருக்கலாம். ஆனா ரெண்டு பேருமே கோர்ட் முன்னாடி வெளிப்படையாத்தான் வாதாடினாங்க.

கேமரா கேட்காத கேள்வி

நிஜமாவே அழிஞ்சுபோனவங்க கதை வேற. அவங்க வேகத்தால அழியலை.

2003 மார்ச்ல, எம்11 மோட்டார்வேயில, 50 வரம்புல 69ல போன ஒரு கார் கேமராவுல சிக்கிச்சு. ஓட்டினவர் கிறிஸ் ஹ்யூன், அப்போ ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். ஏற்கெனவே 9 பாயிண்ட் இருந்ததால இன்னும் 3 வந்தா தடை. அதனால ஓட்டினது மனைவி விக்கி ப்ரைஸ்னு எழுதிக் கொடுத்தாங்க. பாயிண்ட் அந்தம்மா லைசென்ஸ்ல ஏறிச்சு. இவ்வளவும் பண்ணி, கொஞ்ச நாள்ல போன் பேசிக்கிட்டே ஓட்டி எப்படியும் லைசென்ஸை இழந்தார்.

அப்புறம் ஹ்யூன் எம்.பி. ஆனார், அமைச்சரும் ஆனார். 2010ல கல்யாணம் முறிஞ்சது. 2011ல விஷயம் பத்திரிகைக்கு வந்தது. 2013 மார்ச்ல, நீதியின் போக்கைத் திரித்த குற்றத்துக்காக ரெண்டு பேருக்கும் ஆளுக்கு எட்டு மாசம் சிறை. கணவர் கட்டாயப்படுத்தினார்னு விக்கி ப்ரைஸ் வாதாடினார், ஜூரி ஏத்துக்கலை. ஒரு அமைச்சரோட அரசியல் வாழ்க்கையே அந்த மூணு பாயிண்ட்ல போச்சு.

அதுக்கப்புறமாவது பாடம் படிச்சாங்களா? 2017ல ஃபியோனா ஒனசான்யாங்கிற எம்.பி., வழக்கறிஞராவும் இருந்தவர், 30 வரம்புல 41ல போய் மாட்டினார். ஓட்டினது வேற ஆள்னு எழுதிக் கொடுத்தார். 2019 ஜனவரியில மூணு மாசம் சிறை. அதே வருஷம் தொகுதி மக்கள் மனு போட்டுப் பதவியைப் பறிச்சாங்க. அப்படிப் பதவி இழந்த முதல் பிரிட்டிஷ் எம்.பி. அவர்தான்.

கேமரா வேகத்தை மட்டும்தான் அளக்கும். யார் ஓட்டினதுங்கிறதை அந்த ஃபாரம்தான் கேட்குது. முதல் தப்புக்கு 100 பவுண்ட். அந்த ஃபாரத்துல எழுதுற பொய்க்குச் சட்டத்துல ஆயுள் தண்டனை வரைக்கும் இடமிருக்கு.

என் ஃபாரம்

இப்ப என் கடிதத்துக்கு வர்றேன். நான் இங்கிலாந்து டெஸ்ட் பாஸ் பண்ணி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுக்குள்ள ஒரு 30 வரம்புல 43ல போய் 3 பாயிண்ட் வாங்கியிருந்தேன். அங்க ஒரு சட்டம் இருக்கு: முதல் டெஸ்ட் பாஸ் ஆன ரெண்டு வருஷத்துக்குள்ள 6 பாயிண்ட் வந்தா லைசென்ஸ் ரத்து. முதல்லேர்ந்து எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் திரும்ப.

அந்த மாசம் அம்மாவும் அப்பாவும் என்கூட வந்து தங்கியிருந்தாங்க. அப்பாகிட்ட நம்ம ஊர் லைசென்ஸ் இருந்தது, அதை வச்சு அங்க ஒரு வருஷம் வரைக்கும் ஓட்டலாம். என் இன்சூரன்ஸ்லயும் அவர் பேரைச் சேர்த்திருந்தேன். நண்பன் ஒருத்தன் போன்ல சொன்னான்: "மச்சான், அப்பா பேரைப் போட்டு அனுப்பிடு. அடுத்த வாரம் ஊருக்குப் போயிடுவாரு. யாருடா தேடப் போறா?"

ஸ்பீக்கர்ல இருந்ததால அப்பாவும் கேட்டுட்டார். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது தானா ஆரம்பிச்சார். "என் பேரையே போட்டுடுப்பா. நான் என்ன திரும்ப வந்து இங்க ஓட்டப் போறேனா? உனக்கு வேலைக்குப் போகணும்ல?"

சத்தியமா சொல்றேன், பேனாவை எடுத்துட்டேன். அப்புறம்தான் ஹ்யூன் வழக்கு ஞாபகம் வந்தது. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து முழுசாப் படிச்சேன். எனக்கு உறைச்சது அமைச்சர் கதை இல்லை. கையெழுத்து போட்டவங்களுக்கும் அதே எட்டு மாசம்ங்கிறதுதான். அரசாங்க வேலையில முப்பது வருஷம் ஒரு மெமோ கூட வாங்காத மனுஷன் அப்பா. அவரைக் குற்றவாளி ஆக்குற காகிதத்தை நானே மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருப்பேன்.

காலையில என் பேரை எழுதி அனுப்பினேன். லைசென்ஸ் போச்சு. திரும்ப பாஸ் பண்ண ஏழு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் ரயிலும் பஸ்ஸும்தான். அப்பா ஏர்போர்ட் போனதும் பஸ்லதான். பெட்டியை ஏத்தும்போது, "அன்னைக்கே என் பேரைப் போட்டிருந்தா கார்ல போயிருக்கலாம்"னு சிரிச்சார். அவர்கிட்ட ஹ்யூன் கதையை நான் இன்னும் சொல்லலை. இந்த எபிசோட்லதான் கேட்பார்.

அங்க ஓட்டுற நண்பர்களுக்குக் கடைசியா ரெண்டு விஷயம். பலகையும் கேமராவும் ஒத்துப்போகலைன்னு உண்மையாவே சந்தேகம் இருந்தா, ஆதாரம் கேளுங்க, கோர்ட்டுல வாதாடுங்க, அது உங்க உரிமை. ஓட்டினது யாருன்னு கேட்டா மட்டும் உள்ளதை எழுதுங்க.