கொழுந்தைக் கருக்குவது பனி மட்டுமா?

உதகைக்கு வடமேற்கே உள்ள சோலூர் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் உறைபனிக் காலம் வழக்கமாக நவம்பரில் தொடங்கும். 2023-24 பருவத்தில் அது தள்ளிப்போய், 2024 ஜனவரி நடுவில் உறைபனி கடுமையாக இறங்கியது. காந்தலிலும் தலைகுந்தாவிலும் 1 டிகிரி செல்சியஸ், தாவரவியல் பூங்காவில் 2, சாண்டிநல்லாவில் 3 எனப் பதிவாயின. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் ‘மினி காஷ்மீர்’ என்ற தலைப்புடன் படங்கள் வரும். அந்தத் தலைப்பு உண்மையை மறைக்கிறது. நீலகிரியில் பனி வானிலிருந்து விழுவதில்லை. காற்றின் ஈரம் இலையின் மேலேயே உறைகிறது. 3 டிகிரியில் உறைவது எப்படி? வானிலை நிலையத்தின் வெப்பமானி தரைக்கு மேலே நிழற்கூண்டில் இருக்கிறது. அமைதியான இரவில் தரையோரத்து இலை அதைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும்.

காரணம் திறந்த வானம். மேகமில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேல்நோக்கி இழந்துகொண்டே இருக்கிறது. மூடியில்லாமல் முற்றத்தில் வைத்த சோற்றுப் பானையின் கதிதான் அதற்கும். மேகம் வந்தால் மூடி விழுந்த மாதிரி: வெளியேறும் கதிரை வாங்கி, ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மூடி கனமாக இருக்க வேண்டியதில்லை, ஓட்டை ஓலைத்தட்டும் உதவும். வானம் எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு சூடு தங்கும். பகலில் வெயில் வாங்கிய மண்தான் பானையின் அடிச்சோறு. ஈரமண்ணில் அந்தச் சூட்டின் கையிருப்பு அதிகம், காய்ந்த மண்ணில் குறைவு. காற்றின் விஷயத்தில் மட்டும் பானைக் கணக்கு தலைகீழாகிறது. சோற்றை ஆற்றும் காற்று இலையைக் காக்கிறது. மேலே இருக்கும் சற்றுச் சூடான அடுக்கைக் கீழே இறக்கிக் கலக்கிவிடுகிறது. காற்று அசையாத இரவில் குளிர்காற்று கனத்தால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தோட்டம் தப்ப, பள்ளத்துத் தோட்டம் வெளுக்கிறது.

இரவுக் குளிரோடு சேதம் முடிவதில்லை. விடிந்ததும் நேர்வெயில் படும்போது, குளிரில் முடங்கிய இலையால் அந்த ஒளியைப் பயன்படுத்த முடியாது. செலவாகாத ஒளியாற்றல் ஒளிச்சேர்க்கை அமைப்பையே சிதைக்கிறது. உறைந்த செல்களின் காயத்தோடு இதுவும் சேர, கொழுந்து பழுப்பேறிக் கருகுகிறது. காலை வெயில் முதலில் விழும் கிழக்குச் சரிவுகளுக்கு ஆபத்து கூடுதல்.

மலைமக்கள் கைக்கொள்ளும் வழிகள் இந்த இரண்டு அடிகளையும் தடுக்கின்றன. நாற்றுகள் மீதும் இளஞ்செடிகள் மீதும் கோத்தகிரி மலார், தாகை போன்ற செடிகளைப் பரப்புகிறார்கள். இரவில் அது வானத்தை மறைக்கிறது, காலையில் வெயிலை வடிகட்டுகிறது. தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களும் பெரிய அளவில் இதையே செய்கின்றன. ஸ்பிரிங்ளர் வைத்திருப்பவர்கள் சூரியன் எழும் முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். இரவிலேயே தெளிப்பதானால் இடையில் நிறுத்தக் கூடாது. ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை இலைக்குக் கொடுக்கும். தெளிப்பு நின்றால் மிஞ்சுவது ஆவியாதல்தான்: ஒரு கிராம் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியைப் பறித்துக்கொள்ளும்.

இந்த மலையில் உறைபனியின் பங்கு பற்றிய விவாதம் பழையது. சோலைக்காடு புல்வெளிக்குள் பரவாததற்கு உறைபனியே காரணம் என்று 1938-ல் வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் எழுதினார், தீயே காரணம் என்றவர்களும் இருந்தார்கள். அதுல் ஜோஷியும் உடன் ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு பனியின் பங்கை உறுதிசெய்தது. அந்நிய மரங்களின் பரவலும் வெப்ப உயர்வும் காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையிலான சமநிலையைக் குலைக்கலாம் என்றும் அது எச்சரித்தது.

ஆகவே தேயிலைக்குப் பகையான பனி, தோடர்களின் எருமைகள் மேயும் புல்வெளிக்குக் காவல். இரவுகள் சூடேறினால் சீகை போன்ற அந்நிய மரங்கள் புல்வெளிக்குள் இன்னும் எளிதாக நுழையும். ஒரு குளிர்ந்த விடியல் புவி வெப்பமாவதைப் பொய்யாக்காது. ஒரு தாமதமான பருவம் அதை நிரூபித்தும் விடாது. பல பத்தாண்டுப் பதிவுகளே தீர்ப்புச் சொல்லும். ஆனால் பருவம் இடம்மாறும்போது சிறு விவசாயி எந்த நாளில் மலார் வெட்டுவது, எப்போது கவாத்து செய்வது என்ற கணக்கு தவறுகிறது. அந்த இழப்பு உடனடியானது.

மலாரால் நாற்றங்காலைக் காக்கலாம். ஏக்கர் கணக்கில் வளர்ந்த தேயிலையை மூட முடியாது. அங்கே உதவக்கூடியவை மூன்று: நிழல்மரங்களை வெட்டாமல் வைத்திருப்பது, பள்ளத்தில் குளிர்காற்று தேங்காமல் வழிந்தோட இடம் விடுவது, முதல்நாள் மாலையே வரும் நம்பகமான எச்சரிக்கை. எச்சரிக்கை பலிக்க வேண்டுமானால் ஊர்தோறும் பள்ளத்தில், செடியின் உயரத்தில் ஒரு வெப்பமானி வேண்டும். உதகையில் எடுத்த அளவு சோலூரின் ஒவ்வொரு சரிவுக்கும் பொருந்தாது.